பீலித் தண்ணீரில் குளிர்ந்த பிஸ்கட் புடிங்

சித்திரை வருஷப் பிறப்புக்கு நாலைந்து நாள் இருக்கும்போதே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்துவிடும். "பிஸ்கட் யாரு வாங்குறது?" கேட்பது பெரும்பாலும் என் தம்பி. கொழும்பில் வேலை செய்கிறான். லீவு கிடைக்குமா, ரயிலில் இடம் இருக்குமா என்பதெல்லாம் அவனுக்கு அப்புறம்தான். உடனே அக்கா மகள் "கொக்கோ என்கிட்ட இருக்கு" என்பாள். தோஹாவில் இருக்கும் தங்கச்சி "பட்டருல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க" என்று குரல் பதிவு ஒன்று அனுப்புவாள். முறுக்குக்கும் அதிரசத்துக்கும் இந்தப் பேச்சுவார்த்தை கிடையாது. அது அம்மாவின் வேலை, அவர் பாட்டுக்குச் செய்து டின்னில் போட்டு மூடிவிடுவார். பிஸ்கட் புடிங்கில் மட்டும் எல்லோருக்கும் பங்கு உண்டு, அபிப்பிராயமும் உண்டு.

இலங்கையில் வளர்ந்தவர்களுக்கு இது என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாரி பிஸ்கட்டைப் பாலில் தோய்த்துத் தட்டில் பரப்ப வேண்டும். பட்டர், ஐசிங் சீனி, கொக்கோ மூன்றையும் அடித்துச் செய்த கிரீமை அதன் மேல் பூச வேண்டும். அதற்கு மேல் மறுபடி பிஸ்கட், மறுபடி கிரீம். இப்படி நாலைந்து அடுக்கு வைத்து ஓர் இரவு குளிரவிட்டால் காலையில் துண்டு போடலாம். கல்யாண விருந்திலும் ஹோட்டல் பஃபேயிலும் பழக்கலவைக்குப் பக்கத்தில் இது நிச்சயம் இருக்கும். போறணை, அதாவது ஓவன், வேண்டாம், அவிக்கவும் வேண்டாம். அடுப்பின் வேலை என்றால் பாலைக் காய்ச்சுவது மட்டும்தான்.

அந்தக் கடைசி விஷயம்தான் எங்களைப் போன்ற வீடுகளுக்குப் பெரிய விஷயம். நான் பிறந்தது மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயம் என்கிற வரிசை வீடுகளில். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா என்கிற ஒற்றை அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற வராந்தா, பின்னால் விறகடுப்பு. அந்த அடுப்பில் ரொட்டி சுடலாம், சோறு ஆக்கலாம், முறுக்குப் பொரிக்கலாம். கேக் சுட வழியில்லை. கேக் என்பது டவுன் பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது. யாருக்காவது பிறந்தநாள் என்றால் அப்பா சம்பளத்தன்று ஒரு துண்டு வாங்கி வந்து நூல் பிடித்த மாதிரி நான்காக வெட்டிக் கொடுப்பார். அடுக்கடுக்காக, கிரீம் பூசி, கத்தியால் வெட்டி எடுக்கிற ஓர் இனிப்பை நம் வீட்டிலேயே செய்யலாம் என்று யாரும் நினைத்ததில்லை. எங்களுக்கு அதைக் காட்டியவர் சின்னம்மா.

சின்னம்மா என் அம்மாவின் கடைசித் தங்கச்சி. படிப்பை நிறுத்திவிட்டு, பாவாடை தாவணி வயதிலேயே கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனவர். அந்தக் காலத்தில் தோட்டத்தில் பல வீடுகளிலிருந்து இப்படிப் பிள்ளைகள் போனார்கள். ஊரிலிருந்து ஒரு தெரிந்த ஆள் வந்து கூட்டிப்போவார், மாதச் சம்பளம் தபாலில் வரும், வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளை வரும். அம்மாவின் அம்மாவான அம்மாயி அந்தத் தபால் வரும் நாளில் அழுவதை நான் பார்த்திருக்கிறேன். பணம் வந்த நாளில் ஏன் அழுகிறார் என்று அப்போது புரியவில்லை.

சின்னம்மா வருவது பெரும்பாலும் சித்திரையில்தான், அதுவும் எல்லா வருஷமும் இல்லை. ஏப்ரல் என்றால் கொழும்பில் வெயில் தாங்காது. வசதி உள்ளவர்கள் நுவரெலியாவுக்கு ஏறிவிடுவார்கள். சீசன் அல்லவா, குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, ஏரியில் படகு என்று ஊரே நிறைந்திருக்கும். சின்னம்மா வேலை செய்த வீட்டாரும் அங்கே பங்களா எடுத்துத் தங்குவார்கள். சில வருஷம் சமையலுக்குச் சின்னம்மாவையும் கூட்டிப் போவார்கள். அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் அந்தப் பாதை எங்கள் டவுனைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. பின் சீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, எங்கள் தோட்டத்துக்குத் திரும்பும் சந்தியைச் சின்னம்மா பார்ப்பாராம். லயத்துக் கூரையும் கோயில் மரமும் தெரியுமாம். கார் நிற்காது. "நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கலாமே?" என்று பெரியவளான பிறகு நான் கேட்டேன். "கேக்கணும்னே தோணல பாப்பா. அவங்க கார்தானே" என்றார்.

1991 சித்திரையில் அந்த வீட்டார் வெளிநாடு போயிருந்தார்கள். சின்னம்மாவுக்கு நீண்ட லீவு. ரயிலில் வந்து தலவாக்கலை ஸ்டேஷனில் இறங்கியபோது கையில் ஒரு சீலைப் பை. உள்ளே எங்களுக்குச் சட்டைத் துணி, அம்மாயிக்கு ஒரு சீத்தைத் துணி, அதற்கடியில் காகிதத்தில் சுற்றிய ஐசிங் சீனி, சின்னதாக ஒரு கொக்கோ டின், விரல் நீளத்துக்கு ஒரு வனிலா போத்தல். மாஜரினும் பிஸ்கட்டும் டவுனிலேயே வாங்கினார். அம்மாவும் அம்மாயியும் அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். சித்திரை மழை விழுந்து கொழுந்து தளதளவென்று ஏறும் சமயம் அது, கிலோவுக்கு இவ்வளவு என்று அன்றன்றே காசு கிடைக்கும். அந்தக் காசில்தான் மாஜரின் வந்தது.

"அடுப்பு மூட்டாம என்னடி பலகாரம்?" என்று அம்மாயி கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மாயிக்கு எண்ணெய் காய்கிற வாசம் லயத்தில் பரவினால்தான் வருஷப் பிறப்பு. சின்னம்மா பதில் சொல்லாமல் வேலையைத் தொடங்கினார். முதல் தடையே மாஜரின்தான். கொழும்பில் அதை மேசை மேல் வைத்தால் கொஞ்ச நேரத்தில் குழைந்துவிடும். எங்கள் குளிரில் அது அசையவில்லை. கரண்டி உள்ளே போகவே மறுத்தது. அம்மாயி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கிண்ணத்தை வாங்கி அடுப்பு மேடையில், தணல் படாத ஓரத்தில் வைத்தார். அரை மணி நேரத்தில் பதம் வந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் முதல் வேலை அதுதான். இப்போது கேஸ் அடுப்பு என்பதால் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைக்கிறோம். உருகிவிடக் கூடாது, விரல் வைத்தால் பள்ளம் விழ வேண்டும். உருகிய பட்டர் எவ்வளவு அடித்தாலும் காற்றைப் பிடித்து வைக்காது, கிரீம் உப்பாது.

குளிர் தொடக்கத்தில் எதிரியாக இருந்தாலும் கடைசியில் அதுதான் காப்பாற்றியது. எங்களிடம் ஃப்ரிட்ஜ் ஏது? லயத்தில் யாரிடமும் இல்லை. கொழும்பில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துப் பழகிய சின்னம்மா, அடுக்கி முடித்த தட்டோடு வாசலில் நின்றார். அப்பாதான் வழி சொன்னார். பெரிய அலுமினியப் பேசினில் பீலித் தண்ணீரைப் பிடித்து, தட்டை அதற்குள் இறக்கி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, பூனை தள்ளாமல் ஒரு கல்லையும் வைத்தார். மலையிலிருந்து குழாய் வழியாக இறங்கி வரும் அந்தத் தண்ணீரில் காலையில் முகம் கழுவினால் பல் கிட்டும். பேசின் இரவு முழுக்கப் பின்பக்கத் திண்ணையில் இருந்தது.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். பட்டர் முப்பத்திரண்டு, முப்பத்தைந்து பாகையில் உருகும். இருபதுக்குக் கீழே இறங்கினால் இறுகத் தொடங்கும். தலவாக்கலைப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து 1200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, நுவரெலியா 1868 மீட்டர். சித்திரை மாதத்தில் பகலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும், பின்னேரம் இடியோடு ஒரு மழை கொட்டிவிட்டால் இரவு நன்றாகக் குளிர்ந்துவிடும். அது கிரீமை இறுக்கப் போதும். ஃப்ரிட்ஜில் வைத்ததைவிட இந்தக் குளிரில் மெல்ல இறுகியதே நல்ல பதம் என்பது என் கட்சி. ஃப்ரிட்ஜில் கிரீம் கெட்டியாகிவிடும், மீன் குழம்பு வாசமும் ஏறும். பீலிக் குளிரில் வெளியே பிடிமானமாகவும் உள்ளே இளக்கமாகவும் இருக்கும். தங்கச்சி தோஹாவில் செய்து படம் அனுப்புவாள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். "நம்ம ஊட்டு ருசி வரலக்கா" என்று அவளே எழுதுவாள்.

அந்த இரவு நாங்கள் பிள்ளைகள் தூங்கவேயில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும், நன்றாகத் தூங்கினோம். விடியற்காலை மூலிகை போட்ட மருத்துநீர் வைத்துக் குளித்து, புதுச் சட்டை போட்டு, சாமி கும்பிட வந்தபோது அம்மாயி படையலில் வடைக்கும் பழத்துக்கும் நடுவே அந்தத் தட்டையும் வைத்திருந்தார். முதல் நாளே சின்னம்மாவிடம் விசாரித்திருக்கிறார். "முட்டை கிட்டை போட்டியா?" கொழும்பு வீட்டில் மஞ்சள் கருவைச் சேர்ப்பார்களாம். படையலுக்கு வைக்க வேண்டுமே என்று சின்னம்மா இங்கே விட்டுவிட்டார். அன்றிலிருந்து எங்கள் புடிங்கில் முட்டை இல்லை. முட்டை இல்லாமல் கிரீமுக்குச் சேர்மானம் வராது என்று சிலர் சொல்வார்கள். ஒத்துக்கொள்ள மாட்டேன். சீனியை நன்றாகச் சலித்து, கை ஓயும் வரை அடித்தால் வரும்.

படையல் எடுத்த பிறகு அம்மாயி கத்தியைக் கையில் எடுத்தார். வழக்கமாக அப்பாவுக்கு, அப்புறம் பிள்ளைகளுக்கு, பெண்கள் கடைசியில். அம்மாயி முதல் துண்டைத் தட்டில் வைத்துச் சின்னம்மாவிடம் நீட்டினார். சின்னம்மா கையை நீட்டவில்லை. "பிள்ளைகளுக்குக் குடும்மா" என்றார். அம்மாயி விடவில்லை. அப்புறம்தான் சின்னம்மா அந்த விஷயத்தைச் சொன்னார். கொழும்பில் எத்தனையோ தடவை இதைச் செய்திருக்கிறார். விருந்தாளி வரும்போதெல்லாம் இதுதான். கிரீம் அடித்த கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டிருக்கிறார், ருசி தெரியும். தட்டு மேசைக்குப் போய்த் திரும்பி வரும்போது வெறும் தட்டாக வரும், அல்லது ஓரத்தில் உடைந்த துணுக்கு இருக்கும். முழுத் துண்டை, எல்லா அடுக்கும் ஒரே வாயில் வருவதுபோல, அவர் ஒரு தடவையும் சாப்பிட்டதில்லை. அந்த வீட்டு அம்மா கெட்டவர் இல்லை என்றும் சின்னம்மாவே சொல்வார். காய்ச்சல் என்றால் மருந்து வாங்கிக் கொடுப்பவர்தானாம், சீலை எடுத்துக் கொடுப்பவர்தானாம். ஒரு துண்டை எடுத்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கு அந்த "அவ்வளவுதான்" இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது.

சின்னம்மா அன்று இஸ்தோப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்தத் துண்டைச் சாப்பிட்டார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கிடைத்தது. செய்தவருக்கு முதல் துண்டு என்ற வழக்கம் அன்றைக்கு வந்தது. இன்றுவரை மாறவில்லை.

எங்களுக்கு அன்று கிடைத்தது தீப்பெட்டி அளவுத் துண்டுதான். லயத்தில் ஒரு வீட்டுப் பலகாரம் என்றால் அது எல்லாக் காம்பராவுக்கும் போக வேண்டும். எங்களுக்கும் எல்லா வீட்டிலிருந்தும் முறுக்கும் கொக்கிஸும் வந்திருந்தன, வெறும் தட்டைத் திருப்பி அனுப்பவா முடியும்? அடுத்த வருஷம் பக்கத்துக் காம்பரா அக்கா தானும் ஒரு பாக்கெட் பிஸ்கட் கொண்டு வந்து சின்னம்மாவிடம் கொடுத்தார். அதற்கடுத்த வருஷம் சின்னம்மா வரவில்லை, நுவரெலியாவுக்குப் போய்விட்டார். அம்மாவே நினைவில் வைத்துச் செய்தார். முதல் துண்டு அம்மாவுக்கு. சாப்பிடும்போது அழுதார்.

மாரி பிஸ்கட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன், அதனால் இந்தப் பழக்கம். எங்கள் தோட்டங்களில் மாரி என்றால் நோயாளியின் சாப்பாடு. காய்ச்சலா, வயிற்றுப்போக்கா, சாயத்தண்ணி என்கிற பால் சேர்க்காத தேத்தண்ணியில் நனைத்து இரண்டு மாரி. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனால் கையில் ஒரு பாக்கெட் மாரி. இந்த பிஸ்கட் 1874இல் லண்டனில், பீக் ஃப்ரீன் என்ற கம்பெனி ஓர் அரச கல்யாணத்துக்காகச் செய்தது. மணப்பெண் ரஷ்யச் சக்கரவர்த்தியின் மகள் மரியா, அவர் பெயர்தான் பிஸ்கட்டுக்கு. மாப்பிள்ளை விக்டோரியா மகாராணியின் மகன் அல்ஃபிரட். அந்த அல்ஃபிரட் கல்யாணத்துக்கு நாலு வருஷம் முன்னால், 1870இல், இலங்கைக்கு வந்திருக்கிறார், யானை வேட்டை எல்லாம் காட்டி உபசரித்திருக்கிறார்கள். அதே வருஷங்களில் எங்கள் முன்னோர் தோணியில் மன்னாருக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். கோப்பியில் இலை நோய் கண்டது 1869இல். அதற்கு முன்பே, 1867இல், கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டிருந்தார். இளவரசர் கல்யாணத்துக்குச் சுட்ட பிஸ்கட் எங்கள் லயத்துக்கு வந்து, கொழும்பு மேசைக்குப் புடிங்காகிப் போய், சின்னம்மா கையோடு மறுபடி லயத்துக்கு வந்தது. வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் கோப்பியையும் தேயிலையையும் மறக்க மாட்டார்கள்.

இங்கே மாரி செய்கிற மலிபன் கம்பெனி 1954இல் தொடங்கியது. அதற்குப் பிறகு மன்ச்சியும் வந்தது. எது நல்லது என்று எங்கள் வீட்டில் இரண்டு கட்சி இருக்கிறது, நான் இரண்டிலும் சேரவில்லை. மாரியாக இருந்தால் போதும். பட்டர் அதிகமுள்ள பிஸ்கட்டைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். அது ஏற்கெனவே நெய் குடித்திருக்கும், பாலை இழுக்காது. மாரி உலர்ந்து, மெல்லியதாக, முகத்தில் ஊசித் துளைகளோடு இருக்கிறது. பாலில் போட்டதும் இழுத்துக்கொள்ளும். இரவு முழுக்க அந்த ஈரம் அடுக்கு முழுவதும் பரவி, பிஸ்கட் எது கிரீம் எது என்று பல்லுக்குத் தெரியாத அளவுக்கு இளகிவிடும். அதனால்தான் ஓர் இரவு வேண்டும். நாலு மணி நேரத்தில் வெட்டினால் நடுவில் மொறுமொறுப்பு நிற்கும்.

2022ஐ எழுதாமல் விட முடியாது. அந்த வருஷம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் வெட்டு என்று அறிவித்தார்கள். கேஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, பெட்ரோல் வரிசை. பால்மா கடையில் இல்லை, வந்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு பாக்கெட். டவுனில் என் தெருவில் ஃப்ரிட்ஜ் வைத்திருந்தவர்கள் எல்லாம் உள்ளே இருந்ததை எடுத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் புடிங் வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கே பால் இல்லை என்று அம்மா சொல்லிவிட்டார். அதுதான் நியாயம், யாரும் மறுத்துப் பேசவில்லை.

சின்னம்மா கொழும்பு வேலையை விட்டு வந்து, கல்யாணம் கட்டி, மேல் லயத்தில்தான் இருக்கிறார். கொழுந்தெடுத்தவர், இரண்டு பையன்களை ஆளாக்கியவர். வருஷப் பிறப்புக்கு முதல் நாள் பின்னேரம் இறங்கி வந்தார். "பால் இல்லாட்டி என்ன, சாயம் இருக்குல்ல?" என்றார். தோட்டத்தில் கொடுக்கும் தேயிலைத் தூளை விறகடுப்பில் கடுமையாகச் சாயம் இறக்கி, சீனி கொஞ்சமாகப் போட்டு ஆறவைத்து, பிஸ்கட்டை அதில் தோய்த்தார். நோயாளிக்குக் கொடுக்கும் அதே மாரியும் சாயத்தண்ணியும். பட்டருக்கு விலை எட்டவில்லை, ஒரு சின்ன டப்பா மாஜரின்தான், கிரீம் மெல்லிய பூச்சாகத்தான் வந்தது. கரண்ட் இல்லாதது எங்களைத் தொடவேயில்லை. பேசின் இருந்தது, பீலி ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் சாப்பிட்டபோது எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். சாயத்தின் துவர்ப்பு கிரீமின் தித்திப்பை அடக்கி, கொக்கோவின் கசப்போடு போய்ச் சேர்ந்திருந்தது. பாலில் தோய்த்தது இரண்டாவது துண்டில் திகட்டும். இது திகட்டவில்லை. இல்லாத காலத்தில் செய்த சமாளிப்பு என்று இதை நான் சொல்ல மாட்டேன். சின்னம்மா கண்டுபிடித்த நல்ல பதம் அது. பால் தாராளமாகக் கிடைக்கும் இப்போதும் எங்கள் தட்டில் கீழ் இரண்டு அடுக்கு சாயம், மேல் இரண்டு அடுக்கு பால்.

செய்ய நினைப்பவர்களுக்கு அளவு சொல்கிறேன். சின்னம்மாவுக்கு அளவு என்பது டின்பால் டின்தான், அதை நான் கிராமில் நிறுத்துப் பார்த்தேன். பட்டர் 250 கிராம், உப்பில்லாதது. மாஜரின் என்றாலும் குற்றமில்லை, எங்கள் முதல் புடிங் அதில்தான் நடந்தது. ஐசிங் சீனி 200 கிராம். கடைக் கணக்கில் 250 போடுவார்கள், அது எனக்கு அதிகம். கொக்கோ நாலு மேசைக்கரண்டி. அதைத் தூளாகக் கிரீமில் கொட்டாதீர்கள். மூன்று கரண்டி கொதிநீரில் குழைத்து ஆறவிட்டுச் சேருங்கள், நிறமும் வாசமும் இரண்டு மடங்காகும். ஆறாமல் சேர்த்தால் பட்டர் உருகி எல்லாம் கெட்டுப்போகும். வனிலா ஒரு தேக்கரண்டி. மாரி பெரிய பாக்கெட் இரண்டு, கைக்கு ஒன்று கூடுதலாக இருக்கட்டும், பிள்ளைகள் எடுத்துச் சாப்பிடுவார்கள். பால் ஒரு கோப்பை, சாயம் ஒரு கோப்பை, இரண்டும் வெதுவெதுப்புக்கும் கீழே ஆறியிருக்க வேண்டும். பிஸ்கட்டைப் போட்டதும் எடுக்க வேண்டும், "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லி முடிக்கும் முன்னால். பிடித்துக்கொண்டு நின்றால் பாதி கையில், பாதி பாலில்.

இடைவெளி வரும் மூலைகளில் பிஸ்கட்டை உடைத்து அடையுங்கள். கிரீமைக் கரண்டியின் பின்பக்கத்தால் மெல்லத் தள்ளுங்கள், அழுத்தினால் கீழ் அடுக்கு பெயர்ந்து வரும். மேலே தூவக் கஜு நல்லது, விலை கேட்டால் மனம் வராது. நாங்கள் நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாகப் பொடித்துப் போடுகிறோம், வெட்டுவதற்குச் சற்று முன்னால். இரவே போட்டால் நமத்துவிடும். ஜெலி ஊற்றுவது, கலர் மணி தூவுவது எல்லாம் வேண்டாமே. அக்கா மகள் ஒரு வருஷம் ஸ்ட்ராபெரி வைத்தாள், நுவரெலியாவில் இப்போது நிறைய விளைகிறது. அது நன்றாக இருந்தது, அந்தப் புளிப்புக்கு இடம் கொடுக்கலாம்.

வெட்டும்போது கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கித் துடைத்துவிட்டு வெட்டினால் அடுக்குகள் நேராக நிற்கும். கொழும்பு மாதிரி வெப்பமான ஊரில் இருப்பவர்கள் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும், வேறு வழியில்லை. தட்டை இறுக்கி மூடி வையுங்கள், வெட்டுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள்.

நான் இப்போது டவுனில் இருக்கிறேன், வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. ஆனாலும் வருஷப் பிறப்புப் புடிங் தோட்டத்து வீட்டில்தான் நடக்கும். சின்னம்மா இப்போது கிரீம் அடிப்பதில்லை. கொழுந்தெடுத்த தோள், மேலே தூக்கினால் வலிக்கிறது என்கிறார். பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பார். அடிப்பது அக்கா மகள். போன வருஷம் புடிங் முழுவதையும் அவளே செய்தாள். எனவே வழக்கப்படி முதல் துண்டு அவளுக்கு வந்தது. அவள் அதை அப்படியே கொண்டுபோய்ச் சின்னம்மாவுக்கு ஊட்டினாள்.

இந்த வருஷம் ஒரு தட்டு கூடுதலாகச் செய்ய வேண்டியிருக்கிறது. அக்கா மகளுக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் பதுளைப் பக்கம். வருஷப் பிறப்பன்று முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறார்கள். வருகிறவர்களுக்கு முதல் துண்டு கொடுக்காமல் வீட்டுக்காரரே எடுத்துக்கொள்வது மரியாதையாக இருக்காது, ஒரு நாளைக்கு மாற்றிக்கொள்வோம் என்கிறார் அம்மா. "அவங்களுக்கு ரெண்டாவது துண்டு குடுப்போம் அம்மாயி, ஏன்னு நானே சொல்றேன்" என்று அக்கா மகள் நிற்கிறாள். நான் அவள் பக்கம். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.